லஷ்கரில் ஒரு பிற்பகல்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது வழக்கம். சென்ற ஆண்டுகளில் தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரத்துக் கற்றளிகளும் இம்மலரின் பக்கங்களை அணிசெய்தன. இவ்வாண்டு மலர்க்குழுவினர் நம்மை அணுகியபோது, தொலைவிலுள்ள ஊர்களின் பெருமையைப் பேசுவதினும், நாம் நாள்தோறும் உண்டு உறங்கி உழைத்து வாழும் இந்நகரத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வதே தக்கதென்று தோன்றிற்று. அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

நம் காலனியில் ஞாயிறுதோறும் காலையில் நடைபெறும் தமிழ் வகுப்பை அன்பர்கள் அறிவர். தொடங்கிய ஆண்டில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வந்தனர். இப்பொழுது ஏழு பேரே வருகின்றனர். வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைக் கணினிப் பயிற்சிக்குத் தரலாம் என்ற யோசனை செயற்குழுவின் முன் வந்தது. "நாமெல்லாம் நேற்று வந்தவர்கள், நாளை எங்கே இருப்போமோ? பிள்ளைகளுக்கு இந்தச் சுமை எதற்கு?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். அக்கேள்விக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. நாமும் கூறவில்லை.

தமிழர் இந்நகருக்கு நேற்று வந்தவர்தாமா என்பதை அறியும் விருப்பத்தோடு, தைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெரியவரும் சிறியவருமாகப் பதினொருவர் அமீர்பேட்டிலிருந்து புறப்பட்டோம்.

அமீரின் பேட்டை

புறப்பட்ட இடத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். ஐதராபாத்தின் நிஜாம்களுக்கு அடுத்த நிலையில் வாழ்ந்தவர்கள் பாய்கா பிரபுக்கள். நிஜாமின் படையைப் பேணும் பொறுப்பு அவர்களுடையது. அதற்கென விரிந்த ஜாகீர் நிலங்களைப் பெற்றிருந்தனர். 'அமீர்-இ-கபீர்' என்பது அக்குடும்பத்தார் தாங்கிய பட்டங்களுள் ஒன்று. அமீரின் பேட்டையே அமீர்பேட்டாயிற்று. அதனை அடுத்த பேகம்பேட், அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நிஜாம் வீட்டுப் பெண்ணின் பெயரால் வழங்குகிறது.

இப்பட்டத்தைத் தாங்கியவருள் ஒருவர் பக்ருத்தீன் கான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மேனாட்டு அறிவியல் நூல்களை உருது மொழியில் பெயர்த்து, தம் சொந்த அச்சகத்திலேயே பதிப்பித்த பெருமை இவருக்கு உண்டு. பொறியியக்கம், வானியல், நீரியல், ஒளியியல் முதலிய ஆறு துறைகளை விளக்கும் அந்நூல்தொகுதி 'சித்தா-இ-ஷம்சியா' எனப்படும். இன்று அமீர்பேட்டின் தெருக்களில் மாடிக்கு மாடி கணினிப் பயிற்சி நிலையங்களின் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இளைஞர்கள் வந்து, விடுதி அறைகளில் நால்வரும் ஐவருமாகத் தங்கிப் பயில்கின்றனர். அறிவியலைத் தாய்மொழியில் படிக்கவேண்டும் என்று பொருளைச் செலவிட்ட பிரபுவின் பட்டப்பெயர் தாங்கிய இடம் கல்விச் சந்தையாக விளங்குவது, நினைத்து மகிழத்தக்க ஒற்றுமையன்றோ?

பலதிறப்பட்ட மக்கள் கூடி வாழும் இடம் இது. பல்கம்பேட் எல்லம்மன் கோயிலில், தரைமட்டத்திற்குக் கீழே இறங்கித் தரிசிக்கும் அம்மனுக்கு ஆடியை ஒட்டித் திருக்கல்யாணம் நடக்கும் நாளில் நம் காலனிப் பெண்டிரும் தெலுங்குப் பெண்டிரோடு வரிசையில் நிற்கின்றனர். சிறிது தொலைவில் சீக்கியரின் குருத்துவாரா இருக்கிறது. இவற்றிற்கு நடுவே, உயர்ந்த தூண்களின்மேல் இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் மெட்ரோ நிலையம். 2017 நவம்பரில் இந்நகரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது முதற்கட்டத்திலேயே திறக்கப்பட்ட நிலையம் அது. நாகோல் செல்லும் வண்டியில் ஏறி அமர்ந்தோம். நான்காவது நிலையமே நாம் இறங்கவேண்டிய பாரடைஸ். நடந்து சென்றால் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும் வழியைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டோம்.

அவ்வழியில் குறிப்பிடத்தக்கவை இரண்டு. ஒன்று, பேகம்பேட்டிலுள்ள 'ஸ்பானிஷ் மசூதி'. பாய்கா பிரபுவாகிய விக்காருல் உமரா ஸ்பெயின் நாட்டில் கண்ட பள்ளிவாசல்களின் அழகில் ஈடுபட்டுக் கட்டத் தொடங்கியது, 1906இல் நிறைவேறியது. வழக்கமான குவிமாடமும் மினாரும் இன்றிக் கூர்ங்கோபுரங்களோடு நிற்பதால், புதியவர் பலர் அதனை மாதா கோவில் என்றே கருதிவிடுவர். மற்றொன்று, ரொனால்டு ராஸ் ஆய்வு செய்த கட்டடம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்பதை அவர் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் கண்டறிந்தார். அதற்காக 1902இல் நோபல் பரிசு பெற்றார். ஹுசேன் கான் என்னும் நோயாளி, தம்மைக் கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு அவ்வாய்வுக்கு உடன்பட்டார். ராஸ் அன்று எந்தப் படைப்பிரிவின் மருத்துவர் தெரியுமா? பத்தொன்பதாம் சென்னைக் காலாட்படையின் மருத்துவர். நாம் தேடிச் சென்ற கதையின் நுனி இங்கேயே கைக்குக் கிட்டிவிட்டது.

பட்டாளத்தின் பின்னே வந்த ஊர்

செகந்தராபாத்தை இந்நகரத்து முதியோர் இன்றும் 'லஷ்கர்' என்பர். லஷ்கர் என்றால் படை. படைமுகாமே ஊரான வரலாற்றை அச்சொல் ஒன்றே கூறிவிடும்.

1798ஆம் ஆண்டு செப்டம்பரில், இரண்டாம் நிஜாமாகிய நிஜாம் அலி கான் ஆங்கிலேயக் கும்பினியாருடன் துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். நிஜாமிடம் அதுவரை பணியாற்றிய பிரெஞ்சுத் தலைவர்களின் படை கலைக்கப்பட்டது. கும்பினியின் படை அவ்விடத்தைப் பெற்றது. அப்படையின் செலவுக்காக 1800இல் பல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளை நிஜாம் விட்டுக்கொடுத்தார். அவை சென்னை மாகாணத்தோடு இணைந்தன. ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே, கல்லும் முள்ளும் நிறைந்த வெளியில் படையினர் கூடாரம் அடித்தனர். அடுத்த நிஜாமாகிய சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806இல் அவ்விடம் சிக்கந்தராபாத் எனப் பெயர் பெற்றது.

அக்கூடாரங்களில் தங்கியவர் எவர்? கும்பினிக்குச் சென்னை, வங்காளம், பம்பாய் என மூன்று படைகள் இருந்தன. இவ்விடத்திற்கு வந்தது சென்னைப் படை. தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் அதில் சிப்பாய்களாக இருந்தனர். சென்னைப் படைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வங்காளப் படையின் சிப்பாய் மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வருவார். சென்னைச் சிப்பாயோ குடும்பத்தையும் உடன் அழைத்து வருவார். பட்டாளம் இடம் மாறினால் மாட்டு வண்டிகளில் தாயும் குழந்தையும், அம்மியும் ஆட்டுக்கல்லும், வீட்டுச் சாமி படமும் பின்னாலே வரும். அவர்களுக்கு அரிசியும் பருப்பும் விற்கும் வணிகர், துணி தைப்போர், வெளுப்போர், பல்லக்குச் சுமப்போர், கூடாரம் அடிக்கும் கலாசிகள், துரைமாரின் சமையற்காரர், கணக்கெழுதும் பிள்ளைமார், பேச்சுக்கு இடைநிற்கும் துபாஷிகள் ஆகியோரும் வந்தனர். லஷ்கரில் இன்றும் 'ரெஜிமெண்டல் பஜார்' என்றொரு கடைத்தெரு உள்ளது. படையைத் தொடர்ந்து வந்த சந்தை அது என்பது பெயரிலேயே விளங்கும்.

இவ்வாறு தமிழ்க் குடும்பங்கள் இம்மண்ணில் கால்வைத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 'நேற்று வந்தவர்கள்' என்ற சொல் தனிப்பட்ட நமக்குப் பொருந்தலாம், தமிழருக்குப் பொருந்தாது.

ஒரு மைல் சுற்றளவில் உலகம்

பாரடைஸ் நிலையத்தின் படிகளை விட்டு இறங்கியதும் பிரியாணியின் மணம் நம் சிறுவர்களைச் சிறிது தடுமாறச் செய்தது. அவர்களைத் தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொடுத்துச் சமாதானம் செய்து, நடக்கத் தொடங்கினோம்.

மகாத்மா காந்தி சாலைக்கு முற்காலத்துப் பெயர் ஜேம்ஸ் தெரு. ராஷ்டிரபதி சாலைக்குக் கிங்ஸ்வே. பெயர்கள் மாறின, தெருக்களின் இயல்பு மாறவில்லை. மகாத்மா காந்தி சாலையில் பார்சி மக்களின் அக்கினி ஆலயம் உள்ளது. விக்காஜி, பெஸ்தன்ஜி சேட்டுகளின் பெயரால் 1847இல் நிறுவப்பெற்றது அது. பிற சமயத்தார் உட்செல்லும் வழக்கம் இல்லையாதலால் வெளியிலிருந்தே வணங்கிச் சென்றோம்.

சிறிது தொலைவில் உஜ்ஜயினி மகாகாளி கோயில். ஆடி மாதத்து லஷ்கர் போனாலு விழாவில் இலட்சக்கணக்கான மக்கள் திரளும் இக்கோயிலின் தோற்றத்தைக் கேட்டால் வியப்பு உண்டாகும். சுரிதி அப்பையா என்பவர் பட்டாளத்தில் டோலி சுமக்கும் பணியாளர். 1813இல் அவருடைய படைப்பிரிவு உஜ்ஜயினிக்குச் சென்றிருந்தபோது, இங்கே வாந்திபேதி பரவி மக்கள் மடிவதாகச் செய்தி கிடைத்தது. நோய் நீங்கினால் ஊரில் கோயில் எழுப்புவேன் என்று அவர் மகாகாளியை வேண்டிக்கொண்டார். திரும்பி வந்து 1815இல் மரத்தாலான திருவுருவத்தை நிறுவினார் என்று கோயில் வரலாறு கூறுகிறது. தளபதியும் அல்லர், திவானும் அல்லர். தோளில் சுமை தூக்கிய ஒருவர் தொடங்கிய வழிபாடு இரு நூற்றாண்டுகளாக இந்நகரத்தை ஒன்றுகூட்டி வருகிறது.

அதே காலத்தில், 1813இல், ஆங்கிலப் படையினருக்காகப் புனித யோவான் ஆலயம் எழுந்தது. செகந்தராபாத்தின் மிகப் பழைய தேவாலயம் அதுவே. 1897இல் திறக்கப்பட்ட மணிக்கூண்டு நூற்றிருபது அடி உயரத்தில் நின்று அனைவருக்கும் பொதுவாக மணி காட்டுகிறது. அதன் கடிகாரத்தை அளித்தவர் சேட் ராம்கோபால் என்னும் மார்வாரி வணிகர். கன்னடம், மராத்தி, குஜராத்தி, உருது, தெலுங்கு, தமிழ் என்று ஒரு கடைவாயிலில் நின்றபடி ஆறு மொழிகளைக் கேட்டோம். நம்முடன் வந்த சிறுமி விரல்விட்டு எண்ணி அதனைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்னை மரியாள் ஆலயம்

சரோஜினி தேவி சாலையில், வாகன இரைச்சலுக்கு நடுவே, உள்ளடங்கி நிற்கிறது புனித மரியன்னை ஆலயம். மதிலைக் கடந்ததும் இரைச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது. கூர்வளைவுச் சாளரங்கள், சுவரைத் தாங்கும் உதைசுவர்கள், மூலைகளில் சிறு கோபுரங்கள் என்று ஐரோப்பியக் கோதிக் பாணியில் அமைந்த கட்டடம். உள்ளே நெடிய மண்டபம். வளைவு வளைவாக உயரும் கூரை. நடுப்பீடத்தின்மேல் தேவமாதாவின் சுரூபம். மேற்கு வெயில் கண்ணாடிச் சாளரங்களின் வழியே தரையில் நிறம் நிறமாக விழுந்திருந்தது.

இவ்வாலயத்தைக் கட்டத் தொடங்கியவர் தானியேல் மர்பி என்னும் அயர்லாந்துக் குரு. 1815இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். குருப்பட்டம் பெற்றுச் சென்னை மறைப்பணிக்கு வந்தவர். 1839இல் செகந்தராபாத்தை அடைந்தார். மறு ஆண்டே வேலை தொடங்கியது; 1850இல் நிறைவுற்றது. நிஜாமின் நாட்டில் அன்று அதனினும் பெரிய தேவாலயம் இல்லை.

அயர்லாந்துக் குரு இங்கே வரவேண்டிய தேவை என்ன? ஆங்கிலேயரின் படையில் அயர்லாந்து நாட்டார் மிகப் பலர். வறுமையினாலும் பஞ்சத்தினாலும் வீட்டை விட்டுப் படையில் சேர்ந்தவர்கள். அவர்கள் கத்தோலிக்கர். சென்னைப் படையிலும் அதனைச் சார்ந்து வந்தோரிலும் இருந்த தமிழ்க் கிறித்தவருள் பலர் கத்தோலிக்கர். இவ்விரு நாட்டாரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியார். தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. பட்டாளத்தில் ஒருவர் கை ஓங்கியது, மற்றவர் கை தாழ்ந்தது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருசாராரும் வந்தது ஒரு கூரையின் கீழேயே. பூசை மொழியாகிய இலத்தீன் இருவருக்கும் சமமாகவே அந்நியமாயிருந்தது என்பதும் ஒருவகை ஒப்புரவு எனலாம்!

ஆலயம் எழுந்த காலத்தில் ஐதராபாத் கத்தோலிக்கருக்குத் தனித் திருச்சபை ஆட்சி இல்லை. சென்னையின் கீழேயே இருந்தது. 1851இல்தான் ஐதராபாத் தனியாயிற்று. மர்பியே அதன் முதல் தலைவரானார். உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டு நீங்கிய அவர், 1866இல் ஆஸ்திரேலியாவை அடுத்த தாஸ்மேனியத் தீவின் ஹோபார்ட் நகருக்கு ஆயராகச் சென்றார். பின்பு பேராயராகி, 1907இல் தொண்ணூற்றிரண்டாம் வயதில் அங்கேயே மறைந்தார். கார்க்கில் பிறந்து, லஷ்கரில் ஆலயம் எழுப்பி, ஹோபார்ட்டில் கண்மூடிய அவரும் ஒரு புலம்பெயர்ந்தவரே. பிறந்த ஊரில் அவர் கழித்த நாட்கள் குறைவு. வந்த ஊர்களில் விட்டுச் சென்றவை மிகுதி.

அயர்லாந்துக் குருமாருக்குப் பின் இத்தாலியின் மிலான் நகரக் குருமார் வந்தனர். 1871இல் தூரின் நகரிலிருந்து புனித அன்னம்மாள் சபைக் கன்னியர் வந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். அப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. பின்னாளில் ஆயரின் இருக்கை கன்பவுண்டரியிலுள்ள புனித சூசையப்பர் பேராலயத்திற்கு மாறியது. ஆயினும் இவ்வாலயத்தின் மதிப்புக் குறையவில்லை. 2008ஆம் ஆண்டு உரோமாபுரித் திருச்சபை இதற்குப் 'பசிலிக்கா' என்னும் சிறப்பை வழங்கியது.

ஒரு பழைய ஜெபப்புத்தகம்

ஆலய முற்றத்தில் முதியவர் ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். நம் உறுப்பினர் ஒருவருடன் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய முன்னோர் பட்டாளத்தோடு வந்த தமிழ்க் கத்தோலிக்கர். வீட்டில் அவர் பேசும் தமிழில் தெலுங்கும் உருதும் கலந்திருக்கும், ஆயினும் தமிழே. துணியில் சுற்றிய ஒரு பழைய ஜெபப்புத்தகத்தை அவர் கொண்டுவந்திருந்தார்.

"இது எங்க தாத்தாவோட அப்பா வைச்சிருந்தது. கடைசிப் பக்கங்கள்ல கையால என்னமோ எழுதியிருக்கு. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அறுபது வருஷமா அலமாரியில இருக்கு. நீங்க யாராவது படிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார்.

நம் தமிழ் வகுப்பில் பயிலும் அச்சிறுமியை முன்னே அழைத்தோம். ஆலயப் படியில் அமர்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். முதல் வரியிலேயே தடை உண்டாயிற்று. புள்ளி வைக்காமல் எழுதும் பழைய வழக்கம். போதாக்குறைக்கு, யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய 'லை', 'னை' எழுத்துக்கள். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்திய பின் அச்சில் மறைந்துவிட்ட அவ்வடிவங்களை அவள் கண்டதில்லை. ஆண்டுகளும் தமிழ் எண்களில் இருந்தன. நம்முடன் வந்த பாட்டியம்மையார் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அருகில் அமர்ந்தார். "இது 'லை', கண்ணு. இது ஒண்ணு, இது எட்டு" என்று அவர் காட்ட, சிறுமி படிக்க, நாம் சுற்றி நின்று கேட்டோம்.

௧௮௮௬ஆம் ஆண்டு, பட்டாளம் பர்மாச் சீமைக்குப் போயிருக்கையில் மகள் பிறந்தாள் என்றது ஒரு குறிப்பு. ஞானஸ்நானம் நடந்தது 'இந்த மாதா கோவிலில்' என்றது அடுத்தது. சிறிய மகன் வைசூரியில் இறந்த நாள் ஒரே வரியில் இருந்தது. பெரிய மகனுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துச் சம்பளம் கட்டிய கணக்கு இருந்தது. அதன் கீழே, 'மகனுக்கு வீட்டில் தமிழ் எழுத்துச் சொல்லிவைக்க வாத்தியார் அமர்த்தினது, மாதம் எட்டணா' என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலிருந்து குறிப்புகள் வேறொரு கையெழுத்தில், ஆங்கிலத்தில் தொடர்ந்தன.

முதியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பெரிய மகன்தான் என் தாத்தா. அவருக்குத் தமிழ் எழுதத் தெரியும்னு கேள்வி. எங்க அப்பாவுக்கு யாரும் வாத்தியார் வைக்கல. அப்படியே நின்னுபோச்சு."

அவர் எவரையும் குறை கூறவில்லை. அக்காலத்து நிலைமையை எண்ணிப் பார்த்தால் நாமும் குறை கூற இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வடநாட்டாரே போருக்கு ஏற்ற இனத்தார் என்னும் கொள்கையை ஆங்கிலத் தளபதிகள் கைக்கொண்டு, சென்னைப் படையின் பிரிவுகளைக் கலைத்தும் குறைத்தும் வந்தனர். தெற்கிலிருந்து புதிய பட்டாளங்கள் வருவது அருகியது. 1874இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்திருந்தது. ஓய்வுபெற்ற சிப்பாய்களின் மக்கள் இரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை தேடிக்கொண்டனர். பிழைப்புக்கு ஆங்கிலமும் உருதும், அண்டை அயலுக்குத் தெலுங்கும் வேண்டியிருந்தன. தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கியது. பின்பு நாவில் மட்டும் நின்றது. எட்டணா நின்ற தலைமுறையில் எழுத்தும் நின்றுவிட்டது.

அவ்வேளையில் ஆலயத்தின் உள்ளே முழந்தாளிட்டிருந்த ஓர் அம்மையார் ஜெபமாலையை உருட்டியபடி தமிழில் முணுமுணுப்பது நம் காதில் விழுந்தது. சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். மாலைக்குள் அவள் எண்ணிய தமிழ்க் குரல்களில் அதுவும் ஒன்றாயிற்று.

முதலியார் விட்டுச்சென்ற பள்ளி

அம்முதியவரே நம்மை அதே சாலையிலுள்ள மகபூப் கல்லூரிக்கு அழைத்துச் சென்றார். ஞாயிறாதலின் வாயில் பூட்டியிருந்தது. வெளியில் நின்று பார்த்தோம்.

1862இல் இப்பள்ளியைத் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர். ஆங்கிலமும் நாட்டுமொழியும் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கிப் பின்பு ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானின் பெயரைப் பெற்றது. தமிழர் தொடங்கிய பள்ளி. முஸ்லிம் மன்னரின் பெயர். பயின்றவர் எல்லா இனத்தாரும். 1893 பிப்ரவரி 13ஆம் நாள், சிகாகோவுக்குப் புறப்படுமுன், சுவாமி விவேகானந்தர் இங்கே தம் மேனாட்டுப் பயணத்தின் நோக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அப்பயணத்திற்காகச் சென்னையில் வீடு வீடாகப் பொருள் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். ஆயிரம் பேர் கூடிய பெரிய அவைகளுள் ஒன்றைச் சுவாமிகள் முதன்முதலாகக் கண்டது தமிழர் ஒருவர் நிறுவிய பள்ளியில் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறினோம்.

முதலியார் பள்ளியைத் தமிழருக்கென்று மட்டும் கட்டவில்லை. அதனாலேயே அது நிலைத்தது எனக் கருதுகிறோம். வந்த ஊருக்குப் பொதுவாகக் கொடுத்தது வாழ்கிறது. நமக்கென்று வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டியதோ, நாமே பேணாவிடில் வேறெவராலும் பேணப்படாது போகிறது. பள்ளியைக் காக்க ஊர் இருந்தது. ஜெபப்புத்தகத்தின் தமிழைக் காக்க அந்த ஒரு வீடு மட்டுமே இருந்தது.

திரும்பி வந்தபின்

விளக்கேற்றும் நேரத்தில் அமீர்பேட்டுக்குத் திரும்பினோம். நிலையத்தின் படிகளில் பயிற்சி வகுப்பு முடிந்த இளைஞர் கூட்டம் நெருக்கியது. தோளில் பையும் கையில் கைப்பேசியுமாக, "அம்மா, சாப்ட்டேன்மா" என்று ஒருவன் தமிழில் பேசிக்கொண்டு சென்றான். அவனும் ஒரு பட்டாளத்தின் பின்னே வந்தவன்தான். பட்டாளத்தின் பெயர்தான் வேறு.

அவ்வாரச் செயற்குழுவில் நாம் கண்டதையும் கேட்டதையும் உரைத்தோம். தமிழ் வகுப்பை நிறுத்தும் யோசனை கைவிடப்பட்டது. அதனோடு, தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருவோர்க்குத் தெலுங்கு எழுத்துக் கற்பிக்க மாலையில் ஒரு வகுப்பும், காலனியின் எல்லா மொழிப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு படிப்பகமும் தொடங்கலாம் என்று முடிவாயிற்று. யோசனையைக் கொண்டுவந்த உறுப்பினரே படிப்பகத்தின் பொறுப்பை மனமுவந்து ஏற்றார். நேர்மையாகச் சொன்னால், அவர் அன்று கேட்ட கேள்விதான் நம்மை லஷ்கருக்கு அழைத்துச் சென்றது, அவருக்கு நன்றி.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் பழைய கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், திருமண அழைப்புகள், ஜாதகக் குறிப்புகள் இருக்கலாம். பழந்தாள் வியாபாரியிடம் போடுமுன் சங்கத்திற்குக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். கண் தெரிந்த பேத்திமாரும் உள்ளனர். இருவரும் ஒரு படியில் சேர்ந்து அமரும் காலம் நெடுநாள் நீடிக்காது.

மற்றொரு செய்தியையும் கூறி முடிக்கிறோம். வகுப்பில் ஏழு பிள்ளைகள் என்றோம் அல்லவா? அடுத்த ஞாயிறு முதல் எட்டாயிற்று. துணிப்பையில் சிலேட்டும் ஜெபப்புத்தகமுமாக லஷ்கரிலிருந்து மெட்ரோவில் வந்து, பின்வரிசையில் அமர்ந்து, அம்முதியவர் 'அ' எழுதத் தொடங்கியிருக்கிறார்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம்மை வாழவைக்கும் இந்நகரம்!